பூட்டும் திறவுகோலும்: ஊவாத் தோட்டப்புறத்தை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

பதுளை நகரின் கடைத்தெருவிலே பூட்டு வாங்கச் செல்வோர், அதனோடு வரும் சிறு கருவியை மூன்று பெயர்களாற் சுட்டுவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உத்தியோகம் பார்ப்பவர் 'திறப்பு' என்பார். தோட்டத்திலிருந்து இறங்கிவந்த தொழிலாளி 'சாவி' என்பார். சிங்களவர் 'யதுர' என்பார். மூன்றும் ஒரு பொருளையே குறிப்பன. எனினும் வெவ்வேறு வழிகளால் இம்மலைநாட்டை அடைந்தவை. அவ்வழிகளைப் பின்பற்றிச் செல்வோர்க்குப் பூட்டின் வரலாறு மட்டுமன்றி, அப்பூட்டினால் தம் சிறு உடைமையைக் காத்துக்கொண்ட மக்களின் வரலாறும் ஓரளவு புலனாகும்.

'திறப்பு' என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. திறத்தல் என்னும் தொழிலின் பெயரே கருவிக்கு ஆகிவந்தது. 'யதுர' என்பதை வடமொழி 'யந்திர' என்னும் சொல்லோடு இயைத்துக் காண்பர். 'சாவி'யோ போர்த்துக்கேயரது 'சாவெ' என்னும் சொல்லின் திரிபு. இங்கே வரலாற்றின் விநோதம் ஒன்றைக் காணலாம். போர்த்துக்கேயர் ஊவாவில் ஒருபோதும் நிலைகொண்டிலர். 1630ஆம் ஆண்டு பதுளையை எரியூட்டித் திரும்பிய அவர்தம் படை, வெல்லவாயவை அடுத்த ரந்தெனிவெலவில் முற்றாக அழிந்தது. தலைவர் கொன்ஸ்தந்தீனு த சாவும் அங்கேயே மாண்டார். படைவலியால் நிலைக்கமுடியாத அந்நாட்டினுள் அவர்தம் சொல், இரு நூற்றாண்டுகளுக்குப் பின், தமிழகத்திலிருந்து கூலிவேலைக்கு வந்த ஏழை மக்களின் நாவில் ஏறிக்கொண்டு நுழைந்தது. சாவி மட்டுமன்று, அலமாரியும் சன்னலும் அவ்வாறு வந்தனவே. லயத்தின் ஓர் அறையைத் தோட்டத்தார் 'காம்பரா' என்பர்; வேலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் 'பிள்ளைக் காம்பரா'. அதுவும் போர்த்துக்கேயச் சொல்லே. கதவும் தாழும் பூட்டும் மட்டும் தமிழாகவே நின்றன.

தொங்கு பூட்டினை ஈழத்துத் தமிழர் 'ஆமைப்பூட்டு' என்பர். சிங்களத்திலும் அதற்கு 'இப்பா' என்று பெயர். 'இப்பா' என்பது ஆமையையே குறிக்கும். ஓட்டினுள் தலையை இழுத்துக்கொண்ட பிராணியின் தோற்றத்தை இரு மொழியாரும் அதிற் கண்டனர் போலும். கண்டி இராச்சியக் காலத்துக் கொல்லர் இரும்பிலும் பித்தளையிலும் செய்த பணிகளின் சிறப்பை, 1908ஆம் ஆண்டு வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் ஆனந்த குமாரசுவாமி விரித்துரைத்துள்ளார். ஆயினும் ஊவாவின் தோட்டப்புறத்தில் ஆயிரக்கணக்கான கதவுகளிலே தொங்கியது அக்கலைஞரின் கைப்பணி அன்று. மலிவான அச்சுப் பூட்டேயாகும்.

இதன் காரணம் எளிது. கோப்பித் தோட்டங்கள் 1830ஆம் ஆண்டளவிலிருந்து மத்திய மலைநாட்டில் விரிந்து ஊவாவையும் எட்டின. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை கவர்ந்துகொண்டது. ஊவா தனி மாகாணமானது 1886இல். புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. தேயிலைப் பெட்டிகள் ஏறிச்சென்ற அவ்வண்டியிலேயே வெளிநாட்டு இரும்புச் சாமான்கள் இறங்கிவந்தன. இங்கிலாந்தின் வில்லன்ஹோல், வுல்வர்ஹம்ப்ரன் ஆகிய ஊர்கள் பூட்டுத் தொழிலுக்குப் பேர்போனவை. இந்தியாவில் அலிகார் நகரிலே ஜோன்சன் என்னும் ஆங்கிலேய நிறுவனம் 1870இல் பூட்டு இறக்குமதியைத் தொடங்கிப் பின்னர் அங்கேயே செய்யவும் முற்பட்டது. தமிழகத்தில் திண்டுக்கல் இத்தொழிலால் சிறந்தது. அவ்வூர்ப் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. மாங்காய் வடிவில் அமைந்த பூட்டும், சாவி கையில் இருந்தும் சூட்சுமம் அறியாதார் திறக்கவியலாத தந்திரப் பூட்டும் திண்டுக்கற் கம்மியரின் பெருமைகள். அத்தகைய பூட்டினை வாங்கும் வசதி லயத்து மக்களுக்கு இருந்ததில்லை.

லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகள்; அறை ஒன்று ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி; வாயில் ஒன்றே. விடியுமுன் பிரட்டுக்களத்திற் பெயர் கொடுத்து, ஆணும் பெண்ணும் மலைக்கு ஏறிவிடுவர். பகல் முழுவதும் லயம் வெறிச்சோடிக் கிடக்கும். உள்ளே இருப்பன ஒரு தகரப்பெட்டி, அதனுள் கலியாணச் சேலை, ஊரிலிருந்து வந்த கடிதங்கள், சில பாத்திரங்கள். இவற்றைக் காப்பது கதவில் தொங்கும் ஆமைப்பூட்டு. அதன் சாவி பெண்ணின் முந்தானை முடிச்சில் இருக்கும். ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். பூட்டினைத் தன் காசு கொடுத்து வாங்கியவர் தொழிலாளி. அது தொங்கிய கதவும், சுவரும், கூரையும் தோட்டத்தின் உடைமை. வேலை உள்ளவரையே அறை. வேலை நீங்கினால் அறையும் நீங்கும். எனவே அக்கதவில் தொங்கியது உண்மையில் யாருடைய பூட்டு என்னும் வினா எழுகின்றது. பூட்டின் வரலாற்றில் வலிமை பற்றிய வினாவினும் இதுவே பெரிது.

வலிமையைப் பொறுத்தமட்டில் விடை ஏமாற்றம் தருவதே. மலிவான அப்பூட்டினுள்ளே அசையாத தடைத் தகடுகள் சில பொருத்தப்பட்டிருக்கும். சாவியின் பல்லிலே அத்தகடுகளுக்கு எதிரான இடங்கள் வெட்டப்பட்டிருப்பதால் அது தடையின்றித் திரும்பி உள்ளிருக்கும் வில்லினைத் தள்ளும். தடைகளைத் தவிர்த்தால் போதும் என்பதால், சாவியொன்றின் பல்லை அராவி நுனியை மாத்திரம் விட்டால், அஃது அவ்வினப் பூட்டுக்கள் பலவற்றைத் திறந்துவிடும். 'கள்ளச்சாவி' என்று மக்கள் வழங்குவதில் ஒரு வகை இதுவே. பக்கத்துக் காம்பராவின் சாவி இக்காம்பராவின் பூட்டுக்கும் பொருந்துதல் அரிதான செய்தியன்று. அவ்வாறாயின் லயத்தின் உடைமைகளைக் காத்தது இரும்பு என்பதினும், அடுத்த வாசலில் இருந்த முதியவரின் கண் என்பதே பொருந்தும்.

பூட்டைத் திறவுகோலின்றித் திறக்கும் வித்தை இந்நாட்டார்க்குப் புதிதன்று. மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் சர்விலகன் என்னும் அந்தணன் கன்னமிடுகின்றான். அளவுநூலைக் கொண்டுவர மறந்தவன் தன் பூணூலையே அளவுகயிறாகக் கொள்கின்றான். பொறியால் இறுக்கப்பட்ட கதவைத் திறக்கவும் அது பயன்படும் என்று அதன் பெருமையை எடுத்துரைக்கின்றான். அங்கே கதவின் பூட்டுக்கு வழங்கிய சொல் 'யந்திரம்' என்பது நோக்கத்தக்கது. பதுளைச் சிங்களவரின் 'யதுர' நினைவுக்கு வரும். அவன் களவாடுவதும் தன் காதலியை அடிமைத்தளையிலிருந்து மீட்பதற்கான விலைக்கே என்பதை நாடகாசிரியர் மறைக்கவில்லை.

தமிழிற் சிலப்பதிகாரம் இதனினும் ஆழமான காட்சியைத் தருகின்றது. கொலைக்களக் காதையில் கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வன் அல்லன் என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் நகைத்து, களவுநூல் வல்லார் துணைக்கொள்ளும் எட்டினை எடுத்துக்கூறுகின்றான். இடமும் காலமும் கருவியும் அவற்றுள் அடங்கும். இரவில் உளியோடு வந்த கள்வன் ஒருவனைத் தான் எதிர்ப்பட்ட கதையைக் காவலருள் இளையான் ஒருவனும் சொல்கின்றான். கருவி பற்றிய அச்சம் பரவிய அந்நிலையிலே கோவலன் வெட்டுண்கின்றான். கோவலனிடம் ஒற்றைச் சிலம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. களவின் கலையை முழுதும் அறிந்து விரித்துரைத்தவனே உண்மைக் கள்வன். இக்கலையை அறிந்தார் அனைவரையும் கள்வர் எனல் பிழை. அறியாதார் எல்லாம் தூயர் எனலும் பிழையே. ஆயினும் மதுரைக் காவலரைப் போலவே பிற்கால உலகமும் கருவியைக் கண்டே அஞ்சிற்று.

அவ்வச்சம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது, ஊவா மலைகளிற் கோப்பி செழித்திருந்த நாளிலே, இலண்டனில். ஜோசப் பிராமா என்பார் 1784இல் உரிமம் பெற்ற பூட்டு ஒன்று, 1790 முதல் அவர் கடையின் சாளரத்தில் வைக்கப்பட்டிருந்தது. திறவுகோலின்றி அதைத் திறக்கும் கருவியைச் செய்வார்க்கு 200 கினி பரிசு என்று பலகையில் எழுதியிருந்தனர். சப் குடும்பத்தார் 1818இல் ஆக்கிய மற்றொரு பூட்டு, வேற்றுக்கருவி தீண்டினால் தானே இறுகி உடையவனுக்கு உணர்த்தும் இயல்பினது. பூட்டுத் தொழில் அறிந்த கைதி ஒருவனுக்கு விடுதலையும் 100 பவுணும் தருவதாக வாக்களித்து, அதைத் திறக்கும்படி விட்டனர். சில மாதங்கள் முயன்று அவன் கைவிட்டான். இவ்விரண்டையும் வெல்லவியலாதவை என்றே ஆங்கிலேயர் நம்பியிருந்தனர்.

1851ஆம் ஆண்டுப் பெருங்கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்பிரட் ஹொப்ஸ் என்பவர் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். யூலை மாதத்திற் சாட்சியர் முன்னிலையில் சப் பூட்டினை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமாவின் பூட்டுக்கு 16 நாட்களிலே 51 மணிநேரம் பிடித்தது. 60 ஆண்டுகளாக ஒருவரும் பெறாத 200 கினியும் அவரைச் சேர்ந்தது. அவர் கையாண்ட முறை உடைத்தல் அன்று. பூட்டின் தாழை இடையறாது மெல்ல அழுத்திக்கொண்டே, உள்ளுறுப்புக்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, எது அழுத்தத்தைத் தாங்கி நிற்கின்றது என்பதை விரலால் உணர்ந்து, அதனை உரிய நிலைக்கு நகர்த்தினார். எத்துணை நுட்பமாகச் செய்தாலும் உறுப்புக்கள் யாவும் ஒரே அளவினவாக அமைவதில்லை. மயிரிழை வேறுபாடு எங்கோ இருக்கும்; அந்த மயிரிழையே வழி. மனிதக் கைவேலையின் குறைபாட்டையே திறவுகோலாக்கிய இவ்வறிவு வியப்புக்குரியது.

இதனால் எழுந்த வாதம் பூட்டைவிடப் பெரிது. இத்தகைய இரகசியங்களை வெளியிட்டால் திருடர்க்குத் துணையாகாதா என்று பலர் வெகுண்டனர். 1853இல் சார்ல்ஸ் டொம்லின்சன் பதிப்பித்த பூட்டமைப்பு நூல் இதற்கு மறுமொழி கூறிற்று. திருடர் தம் தொழிலை நன்கறிவர். அறியாதிருப்பவர் பூட்டை நம்பிப் பணம் கொடுக்கும் நல்லோரே. குறை இருப்பின் அதை முதலில் அறியும் உரிமை அவர்க்கே உரியது என்பது அந்நூலின் கருத்து. வாதம் இன்றும் ஓயவில்லை. எனினும் ஹொப்ஸின் வெற்றிக்குப் பின் பூட்டுச் செய்வோர் உறங்கவில்லை என்பதும் உண்மை. லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர், பண்டை எகிப்தியரின் மரப்பூட்டிலிருந்த ஊசிமுறையை உலோகத்திற் சிறிதாக்கி 1861, 1865 ஆகிய ஆண்டுகளில் உரிமம் பெற்றார். இன்று வீட்டுக் கதவுகளிற் பெரும்பாலும் காணப்படுவது அதன் வழித்தோன்றலே.

சட்டமும் இதே காலத்தில் இப்பொருளைப் பற்றிச் சிந்தித்தது. மெக்காலேயின் தலைமையில் வரையப்பட்டு 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம், வீடுடைத்தல் என்பதை விளக்குமிடத்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றது. வீட்டுக்காரன் தொலைத்த திறவுகோலை ஒருவன் கண்டெடுத்து, அதைக்கொண்டே கதவைத் திறந்து அத்துமீறி உட்புகுந்தால், அதுவும் வீடுடைத்தலேயாகும். பூட்டு உடையவில்லை, கள்ளக்கருவியும் இல்லை, உண்மைச் சாவியே பயன்பட்டது, எனினும் குற்றம் குற்றமே. அச்சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டே இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளையாக வந்தது. கருவி எது என்பதை நோக்காது, திறப்பவனுக்கு உரிமை உண்டோ, அவன் எண்ணம் யாது என்பனவற்றையே இவ்வெடுத்துக்காட்டு நோக்குகின்றது. மதுரைக் காவலருக்கு இத்தெளிவு இருந்திருப்பின் காப்பியம் வேறாகியிருக்கும்.

ஆனால் அதே ஆட்சியின் மற்றொரு சட்டம் தோட்டத்து மக்களை வேறு வகையிற் பூட்டிவைத்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளை, வேலையைவிட்டு ஓடுதலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. இதனோடு 'துண்டு' என்னும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. ஒரு தோட்டத்தினின்று நீங்கும் தொழிலாளிக்கு, அவர் பட்ட கடன் எவ்வளவு, அதைச் செலுத்தினால் விடுவிக்கப்படுவார் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. அச்சீட்டின்றி வேறு தோட்டம் ஏற்காது; புதிய தோட்டம் கடனைத் தீர்த்தாற்றான் பழைய தோட்டம் விடும். கடனோ கங்காணியின் கணக்கிலே வளர்ந்துகொண்டே இருக்கும். பசறையிலிருந்து பண்டாரவளைக்கு நடந்துசெல்ல ஒரு பகல் போதும். துண்டு இல்லாதவருக்கு அது கடக்கவொண்ணாத தூரம். ஹொப்ஸின் கருவிகள் எவையும் இதிற் செல்லா. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பூட்டுத் திறத்தல் பொழுதுபோக்காகவும் பயிலப்பட்டு வந்துள்ளது. பிரான்சிய மன்னன் பதினாறாம் லூயி பூட்டுத் தொழிலில் ஈடுபாடு மிக்கவன். அரண்மனைச் சுவரில் அவன் மறைத்துவைத்த இரும்புப் பேழையைப் புரட்சியாளர்க்கு 1792இல் காட்டிக்கொடுத்தவன், அவனுடன் வேலைசெய்த கொல்லனே. பூட்டு ஏமாற்றவில்லை, ஆள் ஏமாற்றினான். நம் காலத்தில் 1997ஆம் ஆண்டு ஜேர்மனியிலும், அதனை அடுத்து ஒல்லாந்திலும் இதற்கெனச் சங்கங்கள் அமைந்தன. அங்கத்தவர் கூடிப் போட்டிகள் நடத்துவர். புதிய கருவித் தொகுதிகளைச் சோதிப்பர்.

அச்சோதனையின் முறை ஹொப்ஸ் காட்டிய வழியே. யேல் வகைப் பூட்டுக்கு இரு கருவிகள் வேண்டும்: ஒன்று, உள்ளுருளையை மெல்லத் திருப்பி அழுத்திப்பிடிக்கும் வளைந்த பட்டை, மற்றொன்று, ஊசிகளை ஒவ்வொன்றாக உயர்த்தும் மெல்லிய கொக்கி. புதிய தொகுதி கைக்கு வந்ததும் கடினமான பூட்டிலே தொடங்குதல் பேதைமை. ஊசி குறைந்த பூட்டிலே முதலிற் பார்த்து, பின்னர் எண்ணிக்கையைக் கூட்டிச் செல்வர். உருக்கின் கனம் இங்கே முக்கியமாகும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு கனமுள்ள கொக்கி பொதுவாகப் பயன்படும். அதனினும் மெல்லியது குறுகிய துளையில் நுழையும், ஆனால் வளைந்துவிடும். தடித்தது வலிது, ஆனால் துளையை அடைத்துக்கொண்டு அசையவொட்டாது. நுனியின் ஓரங்கள் மழுங்க மெருகிடப்படாவிடின், ஊசியின்மீது உராய்ந்து, விரலுக்கு வரவேண்டிய செய்தியைக் குழப்பும். புதியவர் செய்யும் தவறு ஏறத்தாழ எப்போதும் ஒன்றே: பட்டையை அளவுக்கு மீறி அழுத்துதல். அழுத்தம் மிகுந்தால் ஊசிகள் அனைத்தும் இறுகி, எது தாங்கி நிற்கின்றது என்பது தெரியாமற் போகும்.

இச்சங்கத்தார் தமக்கு விதித்துக்கொண்ட நெறிகள் இரண்டே. தன்னுடையதல்லாத பூட்டை உடையவன் இசைவின்றித் தொடலாகாது. பயன்பாட்டில் உள்ள பூட்டு தன்னுடையதேயாயினும் அதைத் தொடலாகாது. பின்னது, கருவி பழுதாக்கிய பூட்டு வீட்டாரை வாசலில் நிறுத்திவிடும் என்னும் அனுபவத்தால் எழுந்தது. முன்னது சட்டத்தின் நோக்கோடு ஒத்தது. ஆயின் இந்நெறியை ஊவாவின் லயத்து வாசலிற் கொண்டு நிறுத்தினால், பழைய வினா மீண்டும் எழும். பூட்டுக்கு உடையவர் ஒருவர், கதவுக்கு உடையவர் மற்றொருவர் என்றிருக்குமிடத்து, யாருடைய இசைவு வேண்டும்?

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அங்கே புதையுண்டவற்றுள் பூட்டிய கதவுகளும் இருந்திருக்கும். வேலைக்கோ பள்ளிக்கோ சென்று உயிர்தப்பியோர் சிலரின் கையிற் சாவி மட்டும் எஞ்சியிருக்கும். எஞ்சியோருக்கெனப் பின்னர் மாகல்தெனியத் தோட்டப்பகுதியிலே புதுவீடுகள் கட்டப்பட்டன. தோட்டப்புற வீடமைப்பில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்னும் கணக்குப் பேசப்பட்டது. இத்தகைய வைபவங்களில் மேடைமீது கையளிக்கப்படுவது சாவி. காணி உறுதி என்பது வேறொரு காகிதம். கட்டப்பட்ட தோட்ட வீடுகளுட் பலவற்றுக்கு அக்காகிதம் சாவி கிடைத்து ஆண்டுகள் சென்றபின்னரும் வந்துசேரவில்லை.